மாமனாரின் கழுத்தும் மாப்பிள்ளையின் ரவுட்டரும்

பாட்டில் மூடி செய்கிற கம்பெனி அது. பாட்டில் செய்கிறவனுக்கு உலகத்தில் ஒரு மதிப்பு உண்டு. அதில் எதையாவது ஊற்றி விற்கிறவனுக்கு அதைவிடப் பெரிய மதிப்பு உண்டு. மூடி செய்கிறவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தார் நடந்துகொள்வதைப் பார்த்தால், அவர்கள் ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்துத் தண்ணீர் மொத்தமும் தரையில் ஓடிவிடும் என்று தோன்றும். முதலாளியான பெரியவரின் அறையில், கம்பெனி இதுவரை செய்த மூடி வகைகள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள், வெல்வெட்டுத் துணி மேல், அரண்மனை நகைகளைப் போல் வீற்றிருந்தன. வருகிறவர்கள் அவற்றைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்லும் வரை பெரியவர் வேறு பேச்சை எடுக்க மாட்டார்.

அந்த வீட்டில் பெண்ணெடுத்தவர் மாப்பிள்ளை. பெரியவர் அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் அதில் நியாயம் உண்டு. லாரி டிரைவரும் கேட் காவலாளியும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். "மாப்பிள்ளை, வண்டியைக் கொஞ்சம் நகத்துங்க" என்று ஒருவன் கத்தும்போது அதில் மரியாதை எங்கே இருக்கிறது என்று அவர் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவரைக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். போட்டார்கள் என்பதுதான் சரியான சொல். மூட்டையைப் போடுவது போல. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, மேலே ஒரு மின்விசிறி, சுற்றிலும் மூடி, மூடி, மூடி. கிடங்கு மச்சானின் ஆளுகையில் இருந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கொள்முதல், கிடங்கு, லாரி எல்லாம் அவர் கையில். தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன மாப்பிள, மூடியெல்லாம் பத்திரமா இருக்கா? ஒண்ணும் ஓடிப் போகலையே?"

இதையே வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த நகைச்சுவை போலத் தானே சிரித்துக்கொள்வார்.

இதிலிருந்து தப்பிக்க மாப்பிள்ளைக்கு ஒரு வழி கிடைத்தது. தலைமை அலுவலகம், தொழிற்சாலை, கிடங்கு ஆகிய மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசாமல், விரோதம் கொண்ட சம்பந்திகள் மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் இணைக்க, ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் பொருத்துகிற பெரிய ரவுட்டர் ஒன்று வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். கிடங்கில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில் அதைப் பற்றி நிறையப் படித்திருந்தார். அரைகுறையாகப் புரிந்துகொண்டவனுக்கே உரிய தெளிவோடு பேசினார்.

பெரியவர் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். அவருக்குக் கழுத்து வலி. இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்புவார். பார்க்க என்னவோ ராஜகம்பீரமாகத்தான் இருக்கும். காரணம் தெரியாதவர்கள் பயந்துகொள்வார்கள்.

"சரி மாப்பிள்ளை. நீங்களே முன்ன நின்னு பண்ணுங்க. அந்தத் தண்ணி கம்பெனி அம்மா நம்ம தொழிற்சாலை ஓடறதை இங்கேருந்தே வீடியோவுல காட்டணும்னு கேட்டிருக்காங்க. ஆர்டர் குடுக்கறதே அதைப் பாத்துட்டுத்தானாம். அன்னிக்கு ஒழுங்கா ஓடிச்சுன்னா நீங்க இங்கயே இருங்க. ஓடலைன்னா..." பெரியவர் நாற்காலியோடு இந்தப் பக்கம் திரும்பினார். "கிடங்கு எங்கயும் போயிடாது."

ஓரத்தில் நின்ற மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இருமல்தான் என்று மாப்பிள்ளை நம்ப முயன்றார்.

ரவுட்டரைப் பொருத்த வந்த ஆளுக்கு அந்த வட்டாரத்து அலுவலகங்களில் எல்லாம் "செஞ்சிடலாம்" என்றே பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். கூரையில் மாட்டலாமா என்றாலும் செஞ்சிடலாம், கிணற்றுக்குள் இறக்கலாமா என்றாலும் செஞ்சிடலாம். தொழிலில் ஒரு வாடிக்கையாளரைக்கூட அவர் இழந்ததில்லை. வாடிக்கையாளர்கள் எதையெதை இழந்தார்கள் என்பது வேறு கதை.

ரேக்கை எங்கே வைப்பது என்பதில்தான் மாப்பிள்ளையின் கலை உணர்ச்சி வெளிப்பட்டது. பின்பக்கம் காற்றோட்டமான சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே வைத்தால் யார் பார்ப்பார்கள்? ரிசப்ஷனுக்கும் பெரியவர் அறைக்கும் நடுவில் இருந்த சுவரில், பழைய ஏ.சி. மாட்டியிருந்த ஓட்டை ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கி ரேக்கைச் சுவருக்குள்ளேயே சொருகிவிடலாம் என்று தீர்மானித்தார். மினுக் மினுக்கென்று விளக்கு எரிகிற முகம் ரிசப்ஷன் பக்கம். முதுகு பெரியவர் அறைப் பக்கம். முகத்துக்கு முன்னால் கம்பெனிப் பெயர் பொறித்த தடிமனான கண்ணாடிக் கதவு.

செஞ்சிடலாம் தலையைச் சொறிந்தார்.

"சார், இது முன்பக்கமா காத்தை இழுத்துப் பின்பக்கமா விடும். கண்ணாடி போட்டு மூடினா மூக்கைப் பொத்தின மாதிரி ஆயிடும் சார்."

"கண்ணாடி இல்லைன்னா தூசி படியாதா? வர்றவன் போறவன்லாம் கையை வெப்பான்."

"அதுவும் சரிதான் சார்."

"மூடி பண்ற கம்பெனியில ஒரு மிஷினை மூடாம வெச்சா நல்லாவா இருக்கு?"

"நியாயம்தான் சார்."

"அப்ப கண்ணாடி போடலாமா?"

"செஞ்சிடலாம் சார்."

பொருத்துகிற அன்று மாப்பிள்ளை தானே ஸ்க்ரூ முடுக்குவேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ரேக்கின் சட்டத்தில் வரிசையாகச் சதுர ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங் வைத்த சதுர நட்டு ஒன்றை அழுத்திச் சொருக வேண்டும். அதில்தான் ஸ்க்ரூ ஏறும். பார்க்கச் சாதுவாக இருக்கிற அந்த நட்டு, விரல் கொஞ்சம் தவறினால் தவளை போலத் தாவும். மாப்பிள்ளை சொருகிய முதல் நட்டு அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. இரண்டாவது பறந்துபோய் ரிசப்ஷன் பெண்ணின் தண்ணீர் டம்ளரில் "டங்" என்று விழுந்தது. அந்தப் பெண் டம்ளரைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், டம்ளரை மேஜைக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டாள்.

ரவுட்டரைத் தூக்கிப் பிடித்து, விரலெல்லாம் சிவந்து, ஒருவழியாக முடுக்கி முடித்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். ரவுட்டரை ரேக்கோடு பிடிக்கிற இடது காது ஒரு ஓட்டை மேலே ஏறியிருந்தது.

மச்சானும் வந்து பார்த்தார். "என்ன மாப்பிள, மிஷின் தலையைச் சாச்சுக்கிட்டு எதையோ யோசிக்குது? நீங்க சொல்லிக் குடுத்ததைப் புரிஞ்சுக்கப் பாக்குதோ?"

கழற்றி மறுபடியும் மாட்டினார்கள். திறப்பு விழா ஒன்று நடந்தது. பெரியவர் ரிப்பனை வெட்டி, மூடிக்கும் ரவுட்டருக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். இரண்டுமே உள்ளே இருப்பது வெளியே சிந்தாமல் காப்பவையாம். ரவுட்டர் அப்படி எதையும் காப்பதாக மாப்பிள்ளை படித்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் முதல் ஆளாகக் கை தட்டினார்.

பிறகு பெரியவர் தன் அறைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ரேக்கின் முதுகு சரியாக அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே விசிறிகள் கிர்ரென்று சுற்றி, வெதுவெதுப்பான காற்று நேராக அவருடைய பின்கழுத்தில் வந்து விழுந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார். மாப்பிள்ளை மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே போனார்.

"மாப்பிள்ளை, இதைப் பாருங்க."

பெரியவர் நாற்காலி அசையாமல் கழுத்தை மட்டும் இடது பக்கம் திருப்பினார். பாதிதான் திரும்பியது. ஆனால் அந்தப் பாதியைக் குடும்பம் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

"டாக்டர் குடுத்த தைலம், கழுத்துப் பட்டை, தலையணை எதுக்கும் வலி கேக்கலை. உங்க மிஷின் காத்து ஒரு மத்தியானத்துல கேக்க வெச்சிருச்சு. இது எப்படி?"

இந்த இடத்தில் மாப்பிள்ளை "தெரியலை மாமா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கிடங்கில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவனைப் பார்த்து மாமனார் முதல்தடவையாக முகம் மலர்ந்து ஒரு கேள்வி கேட்கும்போது, உண்மை சொல்கிற அளவுக்கு நெஞ்சுரம் எத்தனை பேருக்கு இருக்கும்?

"அதை மனசுல வெச்சுத்தான் மாமா அந்த இடத்துல வெச்சேன்."

பெரியவர் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "அப்பா கழுத்துக்கு நீங்க வைத்தியம் பண்ணதா அம்மா ஃபோன்ல ஒரே பெருமை. தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"பின்ன தெரியாமயா?"

"பொய் சொன்னா உங்க காது அசையும். இப்ப ரெண்டும் அசையுது" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நாலைந்து நாள் நன்றாகப் போயிற்று. அதன் பிறகு மத்தியான வேளைகளில் நெட்வொர்க் விழ ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் மூச்சுத் திணறிய ரவுட்டர், சூடு ஏற ஏற விசிறிகளை வேகமாகச் சுற்றிப் பார்க்கும். முடியாத கட்டத்தில் பட்டென்று அணைந்துவிடும். ஆறியதும் மெல்ல எழுந்து, நடந்தது எதுவும் தெரியாதது போல் விளக்குகளைச் சிமிட்டும். அதற்குள் மூன்று இடத்திலும் ஆட்கள் வேலையை வைத்துவிட்டு ஊர்க்கதை பேச உட்கார்ந்திருப்பார்கள்.

கொடுமை என்னவென்றால், ரவுட்டர் சாகக் கிடக்கிற அந்தக் கட்டத்தில்தான் பெரியவருக்குச் சொர்க்க சுகம். சூடு ஏறுகிறது, விசிறி வேகம் எடுக்கிறது, காற்று குபுகுபுவென்று கழுத்தில் இறங்குகிறது. "ஆஹா! இன்னைக்கு மிஷின் நல்லா வேலை செய்யுது!" என்று அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், ரிசப்ஷன் பெண் தன் கம்ப்யூட்டரில் இருப்பதை அவசர அவசரமாகச் சேமித்துக்கொள்வாள். அடுத்த நிமிஷம் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. எச்சரிக்கை மணி வாங்கி வைத்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக அடித்திருக்காது.

செஞ்சிடலாம் வந்து கண்ணாடியைத் திறந்தார். காற்று இழுக்கிற துவாரத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்த தூசியை உருட்டி எடுத்தார். ரவுட்டர் பெருமூச்சு விட்டது போல் விசிறிச் சத்தம் தணிந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. அந்த உயிர் அரை மணி நேரம் தங்கியது.

"மாப்பிள்ளை!" உள்ளேயிருந்து கர்ஜனை. "மிஷினுக்கு என்ன ஆச்சு? காத்து சில்லுனு வருது! யாரு அதைக் கெடுத்தது?"

"சுத்தம் பண்ணோம் மாமா."

"நல்லா இருந்ததை எதுக்குய்யா நோண்டறீங்க? முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணச் சொல்லுங்க!"

மாப்பிள்ளை செஞ்சிடலாம் முகத்தைப் பார்த்தார். செஞ்சிடலாம் தன் கையில் உருட்டி வைத்திருந்த தூசியைப் பார்த்தார்.

"இதைத் திரும்ப ஒட்டணுமா சார்? செஞ்சிடலாம்."

தூசியை ஒட்டவில்லை, கண்ணாடியை மட்டும் மூடினார்கள். சூடு திரும்பியது, மாமனாரின் மலர்ச்சி திரும்பியது, மத்தியானச் சாவும் திரும்பியது. இதற்கு நடுவில் மூட்டு வலிக்காரியான அத்தையும், அதாவது பெரியவரின் மனைவியும், கணவனுக்குச் சாப்பாடு கொண்டு வருகிற சாக்கில் தினமும் வரலானார். ஸ்டூல் ஒன்றின் மேல் காலைத் தூக்கி வைத்து, முழங்காலை ரவுட்டருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரி விஷயமாக வந்த ஆடிட்டர் தோள்பட்டையைக் காட்டிவிட்டுப் போனார். முதலாளியைப் பார்க்கக் காத்திருந்த வியாபாரிகள், உள்ளே ஏதோ ரகசியச் சிகிச்சை நடப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

"மாப்பிள, நெட்வொர்க் போனாப் போகுது" என்றார் மச்சான். "ஆஸ்பத்திரின்னு ஒரு போர்டு மாட்டிடலாமா? கம்பவுண்டரா நீங்களே இருங்க. அதுவரைக்கும் கிடங்குல உங்க மேஜையைத் தொடைச்சே வெச்சிருக்கேன்."

தண்ணீர் கம்பெனி அம்மா வீடியோவில் வரும் நாள் வந்தது. முற்பகலில் ஆரம்பித்து மத்தியானம் வரை இழுக்கும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. கண்ணாடியை மூடியே வைத்தால் ரவுட்டர் நடுவில் படுத்துவிடும், தொழிற்சாலைப் படம் போய்விடும், கிடங்கு. கண்ணாடியைத் திறந்தால் மாமனார் கழுத்து பிடித்துக்கொள்ளும்; அந்த அம்மா எதிரில் கர்ஜிப்பார், கண்ணாடியை மூடச் சொல்வார்; ரவுட்டர் படுத்துவிடும்; கிடங்கு. போதாக்குறைக்கு, "மனசுல வெச்சுத்தான் வெச்சேன்" என்று சொன்ன வாயால் இப்போது எதைச் சொல்வது?

அன்று காலை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்தில் மனைவியின் ஹேர் டிரையர் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா நிறம். அவள் சமையலறையில் இருந்தாள். மாப்பிள்ளை அதை எடுத்துப் பைக்குள் வைத்தார். தன்னைப் போல் ஒரு மூளை அந்தக் குடும்பத்தில் இதுவரை பெண்ணெடுத்ததில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார்.

திட்டம் எளிமையானது. ரிசப்ஷன் பக்கம் கண்ணாடியைத் திறந்து விட வேண்டியது. ரவுட்டர் நிம்மதியாக மூச்சு விடும். ரேக்கில் ரவுட்டருக்குக் கீழே காலி இடம் நிறைய. அதற்குள் கையை விட்டு, மறுபக்கம் டிரையரின் மூக்கை மாமனார் கழுத்துக்கு நேராக நீட்டிச் சூடான காற்றை ஊத வேண்டியது. மிஷினுக்கும் சுகம், மாமனாருக்கும் சுகம். டிரையரைச் சொருக ரேக்கின் உள்ளேயே வரிசையாகப் பிளக் பாயிண்ட் இருந்தது. அது யூ.பி.எஸ்.ஸிலிருந்து வருகிற இணைப்பு. கரெண்ட் போனாலும் ரவுட்டர் அணையாமல் இருப்பதற்காகச் செஞ்சிடலாம் வைத்தது. மாப்பிள்ளைக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. கரெண்டே போனாலும் மாமனாருக்குச் சூடு நிற்காதே.

உள்ளே பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார். மச்சான் பக்கத்தில் நின்றார், நடக்கப்போகிற விபத்துக்கு நல்ல இடம் பிடித்தவர் மாதிரி. திரையில் தண்ணீர் கம்பெனி அம்மா தோன்றினார். எதற்கும் சிரிக்காத முகம்.

ரிசப்ஷனில் மாப்பிள்ளை மண்டியிட்டார். தோள் வரை கையை ரேக்குக்குள் விட்டார். கன்னம் சட்டத்தில் அழுந்தியது. டிரையரைக் குறைந்த வேகத்தில் தட்டினார்.

"மாப்பிள்ளை சார், உங்களுக்கு ஏதாவது உதவி..." என்றாள் ரிசப்ஷன் பெண்.

"உஷ்! மெயின்டனன்ஸ்."

உள்ளே பெரியவரின் குரல் தேன் ஒழுகியது. "எங்க கம்பெனியில மூடிங்கறது வெறும் மூடி இல்லைம்மா. அது ஒரு நம்பிக்கை." காற்று போதுமாக இருக்கிறது போல என்று மாப்பிள்ளை பூரித்தார். திரையில் தொழிற்சாலை ஓடியது. அச்சிலிருந்து மூடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"தெளிவா தெரியுது" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் தயங்கி, "சார், உங்க முடி ஏன் பறக்குது?" என்றார்.

பெரியவருக்குத் தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் பின்பக்கம்தான். அது இப்போது மேல் நோக்கி எழுந்து, கதிர் முற்றிய வயல் போல ஆடிக்கொண்டிருந்தது.

"அது எங்க மாப்பிள்ளையோட ஏற்பாடும்மா" என்றார் பெரியவர் பெருமையாக. பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சூடு வந்தா நல்லா இருக்கும்."

மாமனார் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை டிரையரை முழு வேகத்துக்குத் தள்ளினார்.

யூ.பி.எஸ். ஒரே ஒரு தடவை "கீ" என்று கத்தியது. ரவுட்டரைச் சுமக்க வந்த வண்டி அது; அதன் மேல் யானை ஏறினால் என்ன செய்யும்? அடுத்த நொடி எல்லாம் அணைந்தது. விளக்கு இல்லை, விசிறி இல்லை, தொழிற்சாலை இல்லை. திரையில் அந்த அம்மாவின் முகம், புருவம் தூக்கியபடியே உறைந்து நின்றது.

பெரியவர் திரும்பினார். நாற்காலியோடு அல்ல, கழுத்தோடு, முழுசாகத் திரும்பினார். சுவரிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் ரோஜா நிற ஹேர் டிரையர். கையில் இருந்த கடிகாரத்தைப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு அவர் போட்டது.

"மாப்பிள்ளை?"

கை விறைத்தது. பின்னால் இழுக்கப் பார்த்தது. வரவில்லை, சட்டைக் கைப் பொத்தான், கேபிள்களைச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டி ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது.

"மாமா" என்றது சுவர்.

"மெதுவா மாப்பிள, மெதுவா! ஆர்டர் தானே போச்சு. கையும் போயிடப் போகுது!" என்று மச்சான் சந்தோஷம் தாங்காமல் சொன்னார்.

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். குனிந்து, ரவுட்டருக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் சட்டத்தில் நசுங்கிய பாதி முகம் தெரிந்தது. "என்ன இது?"

கை மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு ஓட வழியில்லை. ஓட வழியில்லாதவன் சில சமயம் உண்மையைச் சொல்லித் தொலைப்பான்.

"மாமா, அந்தக் கண்ணாடி என் தப்பு. அதைப் போட்டதுலதான் மிஷின் மூச்சு முட்டிச் சூடாவுது. உங்க கழுத்துக்கு இதமா இருக்கறப்பல்லாம் அதுக்குச் சாவு. நான் எதையும் மனசுல வெச்சு அங்க வெக்கலை. ரிசப்ஷன்ல பாக்க அழகா இருக்கணும்னுதான் வெச்சேன். வலி கொறைஞ்சுதுன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்க. எனக்கு அதைக் கலைக்க மனசு வரலை. அதான் டிரையர்."

பெரியவர் டிரையரையும் ரேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை கிடங்கின் மேஜையை, மின்விசிறியை, சாயங்காலம் எட்டிப் பார்க்கிற தலையை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப நான் மிஷின் நல்லா ஓடுதுன்னு சொன்னப்பல்லாம்..."

"சாகப் போவுதுன்னு அர்த்தம் மாமா."

"இதை எனக்கு யாருமே சொல்லலையே?"

"ரிசப்ஷன் பொண்ணுக்குக்கூடத் தெரியும் மாமா."

பெரியவரின் கைப்பேசி அடித்தது. தண்ணீர் கம்பெனி அம்மா.

"என்ன சார், படம் நின்னுடுச்சு. அப்புறம், நின்ன படத்துல உங்க தோளுக்குப் பின்னாடி ஒரு கை தெரியுதே, அது யாரோடது?"

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். நம்பிக்கை, பாரம்பரியம் என்று ஏதோ ஆரம்பிக்கப் பார்த்தார். இடைவெளி வழியாகத் தெரிந்த பாதி முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"எங்க மாப்பிள்ளை கைம்மா. எனக்குக் கழுத்து வலி. சூடு காட்டினார். ஃபியூஸ் போன மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா திரும்ப வந்துடும்."

எதிர்ப்பக்கம் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. சிரிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் சிரித்தால் அப்படித்தான் கேட்கும். "இருக்கேன் சார். மெதுவா வாங்க. எனக்கும் கழுத்து வலிதான். ஆனா எங்க வீட்டுல யாரும் சுவத்துக்குள்ள கையை விடறதில்லை."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேலை. பெரியவரே கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பட்டியை வெட்டினார், பொத்தானும் சேர்ந்து போயிற்று. மாப்பிள்ளை டிரையரின் பிளக்கைப் பிடுங்கி அதை மாமனார் பக்கம் தள்ளினார், யூ.பி.எஸ்.ஸை எழுப்பினார், ரவுட்டரின் ஸ்விட்சைப் போட்டார். கண்ணாடிக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். இந்த முறை நட்டோ ஸ்க்ரூவோ எதுவும் யார் டம்ளரிலும் விழவில்லை. ரவுட்டர் எழ நேரம் எடுத்தது. முதலில் ஆரஞ்சு விளக்கு. பிறகும் ஆரஞ்சு விளக்கு. மாப்பிள்ளை அதன் முன் நின்று, தூங்குகிற குழந்தையை எழுப்புகிறவர் போல "வா, வா, வந்துடு" என்று முணுமுணுத்தார். ஒவ்வொன்றாகப் பச்சை வந்தது.

உள்ளே மேஜை இடம் மாறியிருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த சாதாரணப் பிளக் பாயிண்டில் டிரையரைச் சொருகி, அதன் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். டிரையரைப் பின்னால் நின்று பிடிக்கிற பொறுப்பு மச்சானுக்குக் கிடைத்திருந்தது.

"கொஞ்சம் கீழ காட்டுடா. அங்க இல்லை, இந்தப் பக்கம். கை நடுங்குது பாரு, நேராப் பிடி" என்றார் பெரியவர்.

மச்சான் முகம் மூடாத பாட்டில் மாதிரி இருந்தது.

அந்த அம்மா திரும்ப வந்தார். தொழிற்சாலை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூடிகளை நிறுத்திப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், கடைசியில் "சரி, முதல் லோடு அனுப்புங்க. பிடிச்சா பெருசாப் பேசலாம்" என்றார். பெரியவர் நம்பிக்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "நன்றிம்மா" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஒரு சட்டைக் கையில் பொத்தான் இல்லை. கன்னத்தில் ரேக்குச் சட்டத்தின் சதுர ஓட்டைகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

பெரியவர் டிரையரை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "இந்தச் சின்ன சாமான் உங்க மிஷினைவிட நல்லா வேலை செய்யுது மாப்பிள்ளை. இதை முதல்லயே குடுத்திருக்கலாம்."

"அது உங்க பொண்ணோடது மாமா. காலையில சொல்லாம எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப அது உங்க பாடு. எனக்கு அவகிட்ட பேச தைரியம் இல்லை." டிரையரை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "மிஷின் ஓடிச்சு. சொன்ன சொல் சொன்னதுதான். நீங்க இங்கயே இருங்க. ஆனா ஒண்ணு: பொய் சொல்லணும்னா வெளியாளுங்ககிட்ட சொல்லுங்க. என் கழுத்துகிட்ட சொல்லாதீங்க."

"சரி மாமா."

"உங்களுக்கு ஒரு மேஜை போடணுமே." பெரியவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தான் எழுந்து வந்த இடம் காலியாக இருந்தது. ரேக்கின் முதுகுக்கு நேர் எதிரே. "அங்க போட்டுக்குங்க. இனிமே அந்த இடம் எனக்கு வேண்டாம். மிஷினையும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கலாம்."

அன்று மத்தியானமே மேஜை வந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாத ரவுட்டர் இப்போது தாராளமாக மூச்சு விட்டது. அந்த மூச்சு மொத்தமும், தூசி வாடையோடு, இடைவிடாமல் அவர் பின்கழுத்தில் வந்து இறங்கியது. பெரியவர் கழுத்துக்குச் சில்லென்று பட்ட அதே காற்றுதான்; வெயில் ஏறிய நேரத்தில் வலியில்லாத கழுத்துக்கு அது அனலாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியை நகர்த்தினால் சுவர் இடித்தது.

சாப்பாட்டுக் கூடையோடு அத்தை வந்தார். ஸ்டூலைத் தேடி எடுத்து, முழங்காலைக் காட்ட இடம் பார்த்தவர், அங்கே மாப்பிள்ளை இருப்பதைக் கண்டு ஏக்கத்தோடு நின்றார்.

"உங்களுக்கு நல்ல இடம் அமைஞ்சுது. எப்படி இருக்கு மாப்பிள்ளை, சுகமா இருக்கா?"

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எதிரே பெரியவர் காகிதத்திலிருந்து தலையை உயர்த்திப் பார்த்தார்.

"ரொம்பச் சூடு அத்தை" என்றார் மாப்பிள்ளை. "ஆனா நான் இங்கயேதான் இருக்கேன்."